சுங்கை சிப்புட்டில் முதலாவது

ஹரிஷாந்துக்கு நாக்கில் சனி என்று அவன் அம்மா அம்பிகை சொல்வதில் தப்பே கிடையாது. இருபத்தொன்பது வயது ஆம்பிளை, மாதச் சம்பளத்துக்குத் தொழில்முறைக் குழுவில் சைக்கிள் ஓட்டுகிறவன், ஜப்பான் வரை போய் மிதித்துவிட்டு வந்தவன், பெற்ற தகப்பனிடம் இப்படியா வாக்குக் கொடுப்பான்?

"ஒரே ஒரு தடவ வந்து பாருங்கப்பா. பாத்துட்டு, இது வேணாம், விட்டுடுன்னு நீங்க சொன்னா அன்னைக்கே விட்டுடுறேன்."

சாப்பாட்டு மேசையில், வாய் நிறையப் புட்டோடு சொன்னான். அப்பா வழக்கம்போல் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார் என்று நினைத்திருந்தான். ஏழு வருஷமாக அதைத்தானே செய்தார்! ஆனால் ஸ்கந்தராஜா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஓம்" என்றார். "வாறன்."

போச்சுடா!

ஸ்கந்தராஜா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்தது தைப்பிங்கில், குடித்தனம் சுங்கை சிப்புட்டில், பேச்சு மட்டும் அவர் அப்பா கப்பலில் கொண்டுவந்த யாழ்ப்பாணப் பேச்சு. நல்ல மனிதர். கோபக்காரர் என்று சொல்ல முடியாது, திட்டவும் மாட்டார். அதுதான் தொல்லை. ஒவ்வொரு பந்தயம் முடிந்து மகன் வீட்டுக்கு வந்ததும் ஒரே கேள்வி கேட்பார்.

"எத்தினையாவதா வந்தனீ?"

"எண்பத்தி மூணு."

"எத்தினை பேரில?"

"நூத்திப் பத்து."

அவ்வளவுதான். எழுந்து போய்த் தொலைக்காட்சியைப் போட்டுவிடுவார். நாலு வார்த்தை ஏசினாலாவது பதிலுக்கு நாலு சொல்லலாம், இந்த மௌனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அக்கம்பக்கத்தில் யாராவது மகனைப் பற்றிக் கேட்டால், "விளையாட்டுத் துறையில இருக்கிறான்" என்பார். ஏதோ புத்ராஜெயா அரசாங்க அலுவலகத்தில் மேசை நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி. போதாததற்கு, கோலாலம்பூரில் கணக்குத் தணிக்கை அலுவலகம் வைத்திருக்கும் தன் மருமகனிடம் சொல்லி ஹரிஷாந்துக்கு ஓர் இடமும் பிடித்து வைத்திருந்தார். படித்த படிப்பு வீணாகக்கூடாதாம்.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். பந்தயம் என்றால் முந்துவது. ஏழு வருஷமாக ஒருவன் முந்தவே இல்லை என்றால் அந்தத் தொழில் அவனுக்கு வரவில்லை என்றுதானே அர்த்தம்? ஹரிஷாந்தின் தொழிலே முந்தாமல் இருப்பதுதான் என்பதை யார் போய் அவருக்கு விளக்குவது? குழுவுக்கு ஆறு பேர். அதில் ஜெயிக்கப் பிறந்தவன் ஒருவன். மற்ற ஐந்து பேரும் அவனுக்கு முன்னால் போய்க் காற்றைத் தங்கள் நெஞ்சில் வாங்கவேண்டும். அவன் பின்னால் ஒண்டிக்கொண்டு காலை மிச்சம் பிடிப்பான். அவனுக்குத் தாகம் எடுத்தால் ஒருவன் கூட்டத்தின் வால்வரை பின்தங்கிப் போய், குழுவின் காரிலிருந்து போத்தல்களை வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, மூச்சுத் திணறத் திரும்ப முன்னால் வந்து கொடுக்கவேண்டும். அந்த ஒருவன்தான் நம் ஹரிஷாந்த். நாடு முழுக்க இதில் அவனை அடிக்க ஆளில்லை. ஆனால் இதை வீட்டில் எப்படிச் சொல்வது? "அப்பா, நான் தண்ணி தூக்கறேன்" என்றா?

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. ஒரே நாள், ஒரே ஓட்டம். காலையில் ஈப்போவில் கிளம்பி, சுங்கை சிப்புட் வழியாகக் கோல கங்சார், அப்புறம் மலைமேல் ஏறும் பழைய சாலை, திரும்பி வந்து பழைய ரப்பர் தோட்டங்களுக்குள் புகுந்து மேடும் பள்ளமுமாக ஓடி, கடைசியில் கங்காணி மேடு. அந்த மேட்டைத் தாண்டி இறங்கினால் ஈப்போ, முடிவுக் கோடு. இப்போது அந்தத் தோட்டங்களில் ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. மேட்டுக்கு மட்டும் கங்காணி பெயர் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

குழுவுக்குப் பணம் போடுகிறவர் கமருதீன் பாய், சட்டையில் அவருடைய நாசி கண்டார் சோற்றுக்கடைப் பெயர் முதுகு முழுக்க. குழுவின் நட்சத்திரம் அமீருல், ஈப்போ சிலிபின் பக்கத்துப் பையன், ஒல்லிக்குச்சி, மேடு என்றால் பறப்பான். காரில் இருந்தபடி எல்லாரையும் மேய்க்கிறவன் தர்மா. காரின் பின்னிருக்கை கமருதீன் பாய்க்கு ஒதுக்கியது. ஆனால் அன்றைக்கு அவருக்கு ஆயர் தாவாரில் பெரிய கல்யாணச் சமையல், வரவில்லை. இருக்கை காலி.

ஈப்போவில் கிளம்பும்போதே ஹரிஷாந்த் யாரோடும் சேராமல் ஓரமாக மிதித்தான். அமீருல் பக்கத்தில் வந்தான்.

"என்ன மச்சான், மூஞ்சி இப்படி இருக்கு?"

"அப்பா ரோட்டோரம் நிப்பாரு. நாம கூட்டத்தோட சர்ருனு போவோம். என்னைக் கண்ணுலகூட பாக்க மாட்டாரு. நூறு சட்டை, நூறு ஹெல்மெட். இதுக்கா ஏழு வருஷம்னு கேப்பாரு. திங்கட்கிழமை நான் கணக்கப்பிள்ளை."

"நீ போய்ட்டா எனக்குத் தண்ணி யாருலா குடுப்பா?"

"அதை எங்கப்பாகிட்ட கேளு."

அமீருல் கேட்கவில்லை. அவன் வேறொன்று செய்தான். அங்கேதான் எல்லாக் கூத்தும் ஆரம்பம்.

இந்தச் சைக்கிள் உலகத்தில் ஓர் எழுதாத வழக்கம் உண்டு. பந்தயம் ஒருவனுடைய சொந்த ஊர் வழியாகப் போனால், கூட்டம் கொஞ்சம் வேகத்தைக் குறைத்து அவனை முன்னால் விடும். அவன் தனியாகப் போய், தெருவில் நிற்கும் தாய் தகப்பனைக் கட்டிப்பிடித்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் காத்திருப்பான். கூட்டம் வந்ததும் சேர்ந்துகொள்வான். விட்டார்களே என்று அப்படியே ஓடிவிடக்கூடாது. ஓடினால் அதைவிடக் கேவலம் வேறு கிடையாது, அப்புறம் ஒரு பந்தயத்திலும் ஒருவனும் அவனை மதிக்க மாட்டான். இதற்குச் சட்டப் புத்தகமும் இல்லை, அபராதமும் இல்லை. வெறும் மரியாதை.

கூட்டத்துக்கு அன்றைக்கு ராஜா ஒரு பெல்ஜியக்காரன். மாட்டு வண்டி மாதிரி தோள், நிறைய பந்தயம் ஜெயித்தவன். நம் பையன்கள் அவனுக்கு வைத்த பெயர் தவுக்கே. முதலாளி என்று அர்த்தம். காலையிலிருந்து முன்னால் ஓடிய நாலு பேரை அப்போதுதான் பிடித்திருந்தார்கள், கூட்டம் ஒன்றாக, ஓய்ந்து போய்க்கொண்டிருந்தது. அமீருல் தவுக்கேயிடம் போய் ஏதோ சொன்னான். தவுக்கே திரும்பி ஹரிஷாந்தைப் பார்த்தான். பல்லெல்லாம் தெரியச் சிரித்து, வாசல் கதவைத் திறந்து விடுகிறவன் மாதிரி கையை நீட்டினான்.

ஹரிஷாந்த் போனான். அடேயப்பா, அந்தச் சுகத்தை என்னவென்று சொல்வது! ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவனுக்கு முன்னால் ஒரு முதுகும் இல்லை. போலீஸ் மோட்டார் சைக்கிள் மட்டும் சைரன் போட்டுக்கொண்டு வழி விலக்கிப் போகிறது. பின்னால் யாரும் இல்லை. சுங்கை சிப்புட் கடைத்தெரு. லாரிப் பட்டறைக்காரர்கள், காப்பிக்கடை சீனத் தவுக்கேக்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லாரும் சாலையோரம். ஒலிபெருக்கியில் ஒருவன் தொண்டை கிழிய அவன் பெயரைச் சொல்கிறான், நம்ம ஊர்ப் பிள்ளை, நம்ம ஊர்ப் பிள்ளை என்று.

வீட்டு முன்னால் குடை போட்டு நாற்காலி போட்டிருந்தது. ஸ்கந்தராஜா நாற்காலியில் இல்லை. வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, சாலை விளிம்பில் விறைத்துப்போய் நின்றார். முதலில் சைரன். அடுத்து அவர் மகன். அதற்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெறும் சாலை.

அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! கல்யாணத்தன்று கூட அவர் அப்படிச் சிரித்திருக்க மாட்டார்.

"அம்பிகை! முதலாவது! எங்கட பிள்ளை முதலாவது!"

ஹரிஷாந்த் பிரேக்கைப் பிடித்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, அம்மாவை ஒரு கையால் அணைத்துக்கொண்டான். அம்பிகை அழுதுகொண்டே அவன் வாயில் ஒரு கேசரி உருண்டையைத் திணித்தாள். அப்பா பக்கம் கையை நீட்டினான். கை காற்றில் நின்றது. அப்பாவின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஏன்டா நிக்கிறாய்?"

"உங்களப் பாக்கத்தான்பா..."

"விசரா! முதலாவதா வந்திட்டு ஆரும் நிப்பினமோ? கெதியாப் போ! பின்னால வாறாங்கள்!"

"அப்பா, அது வந்து... அவுங்க சும்மா..." வாய் நிறையக் கேசரி. நாக்கில் இருந்த சனி அந்த நேரம் பார்த்துத்தானா தூங்கவேண்டும்?

"கதைக்காத! போ! இனி நான் உன்னை ஒண்டும் சொல்ல மாட்டன். விடச் சொல்லவே மாட்டன். நீ போ முதல்ல!"

சொல்லிவிட்டுச் சைக்கிளின் இருக்கையைப் பிடித்து, டை தோளில் பறக்கத் தள்ளிக்கொண்டு ஓடவே ஆரம்பித்துவிட்டார். அதைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர் கைகொடுத்தார்கள். தெருவே சேர்ந்து தள்ளியது. ஹரிஷாந்துக்கு மிதிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

முந்நூறு அடி போவதற்குள் அவனுக்கு விளங்கிவிட்டது. ஜெயித்துவிட்டான்! ஏழு வருஷத்து வழக்கு, ஒரு தெரு நீளத்தில் தீர்ந்துபோயிற்று. விடச் சொல்லவே மாட்டேன் என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டார். ஆனால் எதற்காகச் சொன்னார்? நடக்காத ஒன்றைப் பார்த்து. வளைவு தாண்டி, அப்பாவின் கண்ணுக்கு மறைந்ததும் ஹரிஷாந்த் சைக்கிளை ஓரங்கட்டி, ஒரு மாமர நிழலில் நின்றான். போலீஸ்காரர் திரும்பிப் பார்த்து, என்ன, சைக்கிள் ரோசாக்கா, கெட்டுப்போச்சா என்று கேட்டார். இல்லை, காத்திருக்கிறேன் என்றான். போலீஸ்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

கூட்டம் வந்தது. தவுக்கே போகிற போக்கில் அவன் முதுகில் ஒரு தட்டு தட்டினான். ஹரிஷாந்த் சேர்ந்துகொண்டான். கேசரி இன்னும் பல்லிடுக்கில் இனித்தது, நெஞ்சுதான் கசந்தது.

கோல கங்சாருக்கு முன்னால் அமீருல் காலிப் போத்தலைத் தூக்கி ஆட்டினான். ஹரிஷாந்த் மிதிப்பதை நிறுத்தினான். கூட்டம் அவனைத் தாண்டிப் போக, கார்களின் வரிசை வந்தது. தங்கள் காரை அடையாளம் கண்டு பக்கத்தில் போனான். முன் ஜன்னலில் தர்மா அசடு வழியச் சிரித்தான்.

"ஹரி, கோவிச்சுக்காதலா. நான் வேணாம்னுதான் சொன்னேன். ஒத்தக் கால்ல நின்னாரு."

பின் ஜன்னல் இறங்கியது. மடியில் போத்தல் பெட்டியோடு ஸ்கந்தராஜா. கூட்டம் வீட்டைத் தாண்டியதும் பின்னால் வந்த குழுக் காரைக் கைகாட்டி நிறுத்தி, சிவப்புக் கொடி காட்டிய ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி ஏறி உட்கார்ந்துவிட்டாராம். மகன் முதலாவதாக வந்து முடிப்பதைக் கண்ணால் பார்க்கவேண்டுமாம்.

"நீ முன்னால எல்லோ போனனீ? எப்பிடிப் பின்னால வந்தனீ?"

இப்போது ஒரு பொய் போதும். காலில் பிடிப்பு என்று சொல்லியிருக்கலாம், டயர் காற்று போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். வேறு எவனாவது இருந்தால் சொல்லியிருப்பான். ஹரிஷாந்த் கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

"நான் முதலாவதா வரலப்பா. நம்ம ஊருன்னு அவுங்க எல்லாரும் என்னை விட்டாங்க. உங்களப் பாக்குறதுக்கு. அது ஒரு வழக்கம். அந்த வளைவுல நின்னு காத்திருந்து சேந்துக்கிட்டேன்."

"ஓடியிருக்கலாம் எல்லோ?"

"ஓடக்கூடாதுப்பா. நம்பி விட்டாங்க."

"அப்ப இங்க ஏன் வந்தனீ?"

"தண்ணி எடுக்க."

"உனக்கோ?"

"அமீருலுக்கு. மத்தவங்களுக்கும்."

ஸ்கந்தராஜா பொத்தானை அழுத்தினார். ஜன்னல் மெல்ல ஏறியது. தர்மா முன்னாலிருந்து நீட்டிய போத்தல்களை வாங்கி, முதுகில், நெஞ்சில், இடுப்பில் என்று செருகிக்கொண்டு, எட்டு மாதக் கர்ப்பிணி மாதிரி ஹரிஷாந்த் திரும்ப மிதித்தான். கண் எரிந்தது. வேர்வை என்று சொன்னால் நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம்.

மலைச்சாலையில் இரண்டாம் முறை வந்தபோது பின் ஜன்னல் திறந்தே இருந்தது. அப்பா வேர்வை ஒழுகும் மகனின் முகத்தையும், உப்புப் பூத்த சட்டையையும் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் முறை வந்தபோது போத்தலை நீட்டியது தர்மா இல்லை, அவர்தான். ஒவ்வொரு மூடியையும் தானே திருகிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

"நீ குடிச்சியோ?"

"அப்புறம்பா."

"எப்ப பாத்தாலும் அப்புறம். அந்தப் பொடியனுக்குக் கை இல்லையோ? தானா வந்து எடுக்க மாட்டானோ?"

"அவன் வந்தா கால் போயிரும் அங்கிள்" என்றான் தர்மா. "கடைசி மேட்டுக்கு அந்தக் கால் வேணும். அதான் ஹரி காலைச் செலவழிக்கிறோம்."

தர்மாவுக்கு இப்படித்தான் பேசத் தெரியும். ஸ்கந்தராஜா அவன் பிடரியை ஒரு மாதிரிப் பார்த்தார்.

நாலாம் முறை தோட்டத்து மேடுகளில். உச்சி வெயில், செம்பனை மரம் ஒன்றும் நிழல் தராது, தார் உருகுகிறது. பந்தயத்தில் ஒரு சின்னத் திருட்டு உண்டு. காரிலிருந்து போத்தலைக் கொடுக்கும்போது கொடுப்பவரும் வாங்குபவரும் இரண்டு மூன்று நொடி சேர்ந்து பிடித்துக்கொள்வார்கள். கார் இழுக்கும், காலுக்குக் கொஞ்சம் ஓய்வு. நடுவர்கள் கண்டும் காணாமல் விடுவார்கள். இதெல்லாம் ஸ்கந்தராஜாவுக்குத் தெரியாது. அவர் போத்தலை நீட்டினார், மகன் பிடித்தான், மகனின் மூச்சு வாங்குகிற சத்தம் காதில் விழுந்தது. அவ்வளவுதான், அவர் விடவில்லை. இரண்டு கையாலும் போத்தலைப் பிடித்துக்கொண்டார். கார் போகிறது, மகன் மிதிக்காமலே மேடேறுகிறான்.

"அப்பா, விடுங்க!"

"பரவாயில்லை, வா."

"அங்கிள், கைய விடுங்க! சுசா ஆயிரும், மாட்டிக்குவோம்!" என்று தர்மா கத்தினான்.

மோட்டார் சைக்கிளில் வந்த நடுவர் விசில் ஊதினார். ஊதிக்கொண்டே பக்கத்தில் வந்தார். நாற்பது வருஷம் ஒரு ரயிலைக்கூடச் சிக்னல் மீற விடாத மனிதர், நடுவரைப் பார்த்து ஆங்கிலத்தில், "இவன் என் மகன்" என்றார். ஏதோ அது விதிப்புத்தகத்தில் இருக்கிற மாதிரி! நடுவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எச்சரிக்கையோடு விட்டார். ஹரிஷாந்த் போத்தலைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். திரும்பிப் பார்த்தபோது அப்பா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தார்.

கங்காணி மேடு வந்தது. கூட்டம் கிழிந்து நூலாகி, முன்னால் முப்பது பேர்தான் மிச்சம். தவுக்கே இருந்தான், அமீருல் இருந்தான். காதுக்குள் ரேடியோவில் தர்மாவின் குரல். "ஹரி, இப்ப. முடிஞ்ச மட்டும் இழு."

ஹரிஷாந்த் முன்னால் வந்தான். பின்னால் அமீருல். இனி மிச்சம் வைக்க ஒன்றுமில்லை என்று தெரிந்தபின் ஒரு தைரியம் வருமே, அந்தத் தைரியத்தில் மிதித்தான். நாளைக்குக் கணக்கப்பிள்ளை ஆனால் ஆகட்டும், இன்றைக்கு இந்த மேட்டில் என்னை யார் கேட்பது! ஒவ்வொருவராய்ப் பின்னால் கழன்றார்கள். தொடை நெருப்பாய் எரிந்தது. அந்த நேரம் பார்த்து ரேடியோவில் வேறொரு குரல்.

"ஹரி! அப்பா கதைக்கிறன். மெதுவா! நெஞ்சு வெடிச்சுப் போகும்!"

"அங்கிள், மைக்கைக் குடுங்கலா!"

பின்னால் அமீருல் சிரித்த சத்தம் அவனுக்குக் கேட்டது. மேட்டின் பாதியில், வளைவு ஒன்றில், கண் இருட்டிக்கொண்டு வந்தது. போதும் என்று ஓரம் ஒதுங்கினான். பக்கத்தில் காற்று மாதிரி அமீருல் பறந்தான். தவுக்கே விரட்டினான், ஆனால் தவுக்கேயின் பெரிய உடம்புக்கு அந்த மேடு ஒத்துவரவில்லை. ஹரிஷாந்த் கிட்டத்தட்ட நின்றேவிட்டான். ஒருவர், இருவர், பத்துப் பேர், எல்லாரும் தாண்டினார்கள். அமீருலின் பின்னால் போகவேண்டிய குழுக் கார் ஹாரன் அடித்துக்கொண்டு அவனைக் கடந்தது. பின் கண்ணாடியில் அப்பாவின் முகம் சின்னதாகிக்கொண்டே மேலே போனது.

சரி, பார்த்துவிட்டார். மகன் எப்படித் தோற்கிறான் என்று முழுசாகப் பார்த்துவிட்டார். இனி என்ன சொல்லப்போகிறாரோ சொல்லட்டும். ஹரிஷாந்த் தலையைத் தொங்கப்போட்டு, நடக்கிற வேகத்தில் சைக்கிளை மிதித்தான். மேலே மேலே வளைவு. பின்னால் வந்தவர்களெல்லாம் அவனை முந்தினார்கள். எவ்வளவு நேரம் போனதோ தெரியாது, காதுக்குள் தர்மா அலறினான். "அமீருல்! அமீருல்! முதலாவது! தனியா வந்தான்லா!" ஹரிஷாந்துக்குக் கத்த மூச்சில்லை. கையை மட்டும் கொஞ்சம் தூக்கினான்.

கடைசி வளைவு. உச்சியில் ஒரே கூட்டம். டுரியான் பழம் விற்கிறவர்கள், மோட்டார் சைக்கிளில் வந்த மலாய்ப் பையன்கள், பானை மூடியைத் தட்டும் ஒரு சீனக் கிழவர். முதல் ஆட்கள் எல்லாரும் போய் எவ்வளவோ நேரமாயிற்று, இந்நேரம் கலைந்திருக்க வேண்டிய கூட்டம். கலையவில்லை. அவன் தலை தெரிந்ததும் மொத்தக் கூட்டமும் சேர்ந்து கத்தியது.

"ஹரி! ஹரி! ஹரி!"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் வேறு ஹரி யாராவது வருகிறானா என்று திரும்பிக்கூடப் பார்த்தான். எண்பதாவது ஆளுக்கு எந்த ஊரில் எவன் கை தட்டுவான்?

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஸ்கந்தராஜா வந்தார். டையைக் காணோம், சட்டைப் பொத்தான் இரண்டு திறந்திருந்தது. உச்சியில் கார் வேகம் குறைந்தபோது கதவைத் திறந்துவிட்டாராம், தர்மா வேறு வழியில்லாமல் இறக்கிவிட்டுப் போனானாம். இறங்கிய நேரத்திலிருந்து அங்கே நின்ற ஒவ்வொருவரையும் பிடித்துத் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் அவர் சொன்னது ஒன்றுதான். இப்ப முன்னால போனான் பாருங்கோ ஒரு பொடியன், அவன் சும்மா போகேல்லை, என்ர மகன் தூக்கிக்கொண்டு வந்து விட்டவன். என்ர மகன் இனித்தான் வருவான், ஒருத்தரும் போகக்கூடாது.

எழுபது வயது மனிதர், மகனின் சைக்கிளுக்குப் பக்கத்தில், பளபளக்கும் தோல் சப்பாத்தோடு ஓடினார்.

"ஹரி, கேள்! நான் அங்க வீட்டில சொன்னதை விடு. அது கணக்கில்ல. இப்ப சொல்றன்."

ஹரிஷாந்த் தலையை அவர் பக்கம் திருப்பினான்.

"கோலாலம்பூருக்குப் போன் பண்ணிச் சொல்லிப்போட்டன், நீ வரமாட்டாய் எண்டு." அவருக்கு மேல்மூச்சு வாங்கியது. "நீ போய்க் கணக்கு எழுதினா, பாவம், அந்தப் பொடியனுக்குத் தண்ணிக்கு ஆர் இருக்கினம்?"

ஹரிஷாந்துக்குச் சிரிப்பு வந்தது. மூச்சே இல்லாத இடத்தில், மேட்டின் கடைசிச் செங்குத்தில், கண்ணில் நீர் வழிய வாய்விட்டுச் சிரித்தான். பைத்தியம் என்று நினைத்துப் பானை மூடிக்காரர் இன்னும் பலமாகத் தட்டினார். அப்பா ஒரு பத்தடி கூட ஓடி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஹரிஷாந்த் உச்சியைத் தாண்டி, ஈப்போவைப் பார்க்க இறங்கினான்.